ஒரு குறைவை எந்த அளவில் சொல்வது?

நிலா தேய்கிறது. குளம் வற்றுகிறது. காய்ச்சல் இறங்குகிறது. சத்தம் அடங்குகிறது. ஓர் உயிரினம் அருகிப்போகிறது. எல்லாமே குறைவதுதான். ஆனாலும் நிலா வற்றுகிறது என்றோ காய்ச்சல் அருகுகிறது என்றோ யாரும் சொல்வதில்லை. எது, எந்த விதமாகக் குறைகிறது என்பதை வினைச்சொல்லே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

அறிவியல் துறைகளுக்கும் இப்படித் தனித்தனி வினைச்சொற்கள் உண்டு. மருத்துவ ஆய்வாளர், கதிரியக்கத்தை அளப்பவர், நுண்ணுயிரியலாளர், பறவைகளை எண்ணுபவர் என்று ஒவ்வொருவரும் தங்கள் பொருள் குறையும் விதத்துக்கு ஏற்ற அளவைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இவை அனைத்தையும் "இத்தனை சதவீதம் குறைந்தது" என்ற ஒரே வாக்கியத்துக்குள் தள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது.

ஆய்வு மாணவர்களின் கட்டுரைகளை வாசித்துத் திருத்திக் கொடுக்கும் வேலை எனக்கு உண்டு. நான் அதிகமாக வட்டமிடுவது இந்த வாக்கியத்தைத்தான். எதிலிருந்து குறைந்தது, எத்தனை காலத்தில் குறைந்தது, எதால் வகுத்தார்கள் என்ற மூன்றும் அதில் இருக்காது. கணக்கு சரியாகத்தான் இருக்கும். வாசிப்பவருக்கு மட்டும் ஒன்றும் புரிந்திருக்காது. கையில் இரண்டு எண்களை வைத்துக்கொண்டு எந்த அளவில் எழுதுவது என்று யோசிப்பவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

நாலு வாக்கியம், ஒரே முடிவு

மருத்துவத்திலிருந்து தொடங்கலாம், அங்கேதான் இந்தத் தேர்வு மனிதர்களை நேரடியாகத் தொடுகிறது. பின்லாந்தில் 40 முதல் 55 வயது வரையிலான 4,081 ஆண்களை வைத்து, ஜெம்ஃபைப்ரோசில் என்ற கொழுப்புக் குறைப்பு மருந்தை ஐந்து ஆண்டுகள் சோதித்தார்கள். ஹெல்சிங்கி இதய ஆய்வு என்ற அந்தச் சோதனையின் முடிவு 1987-இல் வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு 41.4 பேருக்கு மாரடைப்பு போன்ற இதய நோய்ப் பாதிப்பு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு 27.3 பேருக்கு வந்தது.

இதை நாலு விதமாக எழுதலாம். பாதிப்பு 34 சதவீதம் குறைந்தது. பாதிப்பு 4.1 சதவீதத்திலிருந்து 2.7 சதவீதத்துக்கு, அதாவது 1.4 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. ஆயிரம் பேர் ஐந்து ஆண்டுகள் மருந்து சாப்பிட்டால் 14 பேர் தப்புகிறார்கள். ஒருவர் தப்புவதற்கு ஏறத்தாழ 71 பேர் ஐந்து ஆண்டுகள் மருந்து சாப்பிட வேண்டும். நான்கும் உண்மை. ஆனால் முதல் வாக்கியத்தைக் கேட்பவர் மருந்தை உடனே வாங்கத் தோன்றும் மனநிலைக்குப் போகிறார். நான்காவதைக் கேட்பவர் கொஞ்சம் யோசிக்கிறார்.

நான்காவது வடிவத்தை 1988-இல் லௌபாசிஸ், சாக்கெட், ராபர்ட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவில் நடக்கும் பேச்சுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் "71 பேர்" என்று மட்டும் எழுதி "ஐந்து ஆண்டுகள்" என்பதை விட்டுவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. இந்தத் தவறு அச்சான கட்டுரைகளிலும் கண்ணில் படுகிறது.

அப்படியானால் 34 சதவீதம் என்று எழுதுவது ஏமாற்றா? இல்லை. ஒப்பீட்டுக் குறைவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்கு ஓரளவு மாறாமல் பயணிக்கும். ஒரு மருந்து ஆபத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 30 பேருக்கு நோய் வரும் கூட்டத்தில் அது 10 பேரைக் காப்பாற்றும். நூற்றுக்கு 3 பேருக்கு வரும் கூட்டத்தில் ஒரே ஒருவரை. ஒப்பீட்டு எண் மருந்தின் குணத்தைச் சொல்கிறது. 1.4 புள்ளி, ஆயிரத்துக்கு 14 பேர் போன்ற நேரடி எண் அந்த மருந்து உங்களுக்கு என்ன செய்யும் என்பதைச் சொல்கிறது. மருத்துவச் சோதனைகளை அறிக்கையிடுவதற்கான கன்சார்ட் நெறிமுறையின் 2010 பதிப்பு, நோய் வந்ததா இல்லையா என்பது போன்ற முடிவுகளுக்கு இரண்டையும் சேர்த்தே தரச் சொல்கிறது.

நேரடி எண்தான் எப்போதும் நேர்மையானது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். 2020-இல் வந்த ஃபைசர் கொரோனா தடுப்பூசியின் முடிவு அந்த எண்ணத்தை மாற்றியது. இரு பக்கமும் சுமார் 18,000 பேர். தடுப்பூசி போட்டவர்களில் 8 பேருக்கும் மற்றவர்களில் 162 பேருக்கும் நோய் வந்தது. ஒப்பீட்டுக் குறைவு 95 சதவீதம். நேரடிக் குறைவோ ஒரு சதவீதப் புள்ளிகூட இல்லை. "பார்த்தீர்களா, உண்மையான பலன் ஒரு சதவீதம்கூட இல்லை" என்று பலர் பரப்பினார்கள். ஆனால் சோதனையில் கலந்துகொண்டவர்களைக் கவனித்தது சுமார் இரண்டு மாதம்தான். அந்த இரண்டு மாதத்தில் எவ்வளவு தொற்று பரவியது என்பதே நேரடி எண்ணை முடிவு செய்தது. அடுத்த அலை வந்திருந்தால் எண் பல மடங்காகியிருக்கும். பாதிப்பின் அடிப்படை அளவு அலை அலையாக மாறும் இடத்தில் ஒப்பீட்டு எண்தான் பொருந்தும். ஐந்து ஆண்டுகள் நின்று நிதானமாக நடக்கும் இதய நோய்க்கு நேரடி எண்ணை முன்னால் வைப்பேன்.

மனநல ஆய்வுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. மனச்சோர்வு மதிப்பெண் தொடக்கத்தில் இருந்ததில் பாதியாவது குறைந்தால் "பலன் தெரிந்தது" என்று எண்ணுவார்கள். 49 சதவீதம் குறைந்தவர் கணக்கில் வரமாட்டார், 50 சதவீதம் குறைந்தவர் வந்துவிடுவார். இருவரும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். இப்படி வெட்டுக்கோடு போடுவதை நான் ஆதரிப்பதில்லை. ஒவ்வொருவரின் மாற்றத்தையும் தொடக்கத்தின் சதவீதமாக மாற்றுவதும் பெரிதாக உதவாது. அது புள்ளியியல் ரீதியாக வீண்செலவு என்று 2001-இல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் காட்டினார். கடைசி மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு, தொடக்க மதிப்பெண்ணுக்கு ஏற்பச் சரிசெய்து ஒப்பிடுவது அதைவிட மேல்.

பங்கு பங்காகத் தேய்பவை

சில பொருள்கள் தொகை தொகையாகக் குறைவதில்லை. இருப்பதில் ஒரு பங்கு, மீண்டும் இருப்பதில் ஒரு பங்கு என்று தேய்கின்றன. கதிரியக்கம் இதற்கு முதல் உதாரணம். தோரியத்திலிருந்து வெளிவரும் கதிரியக்க வாயுவின் வீரியம் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாவதை 1900-இல் ரூதர்ஃபோர்டு கவனித்தார். அங்கிருந்து வந்ததுதான் அரை ஆயுட்காலம் என்ற கருத்து. அயோடின்-131-க்கு அது 8 நாள், சீசியம்-137-க்குச் சுமார் 30 ஆண்டு, கார்பன்-14-க்கு 5,730 ஆண்டு.

இந்த ஒரே எண்ணில் தொடக்க அளவும் தேவையில்லை, காலக்கெடுவும் தேவையில்லை. அதுதான் இதன் அழகு. "80 நாளில் 99.9 சதவீதம் குறைந்தது" என்பதைவிட "8 நாளுக்கு ஒருமுறை பாதியாகிறது" என்பது எவ்வளவோ மேல். பத்துமுறை பாதியானால் 1,024-இல் ஒரு பங்கு மிஞ்சும் என்று யாரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் பொருள் உண்மையிலேயே பங்கு பங்காகத் தேய வேண்டும். காஃபின் உடலிலிருந்து ஏறக்குறைய அப்படித்தான் வெளியேறுகிறது. பெரும்பாலோருக்குப் பாதியாகச் சுமார் 5 மணி நேரம் ஆகும். மது அப்படி இல்லை. கல்லீரலின் நொதிகள் நிரம்பிவிடுவதால், எவ்வளவு குடித்திருந்தாலும் மணிக்கு ஏறத்தாழ ஒரே தொகைதான் குறைகிறது. மதுவுக்கு அரை ஆயுட்காலம் எழுதினால் அது தவறு. மணிக்கு இவ்வளவு என்றுதான் எழுத வேண்டும். எந்த அளவைத் தேர்ந்தெடுப்பது என்பதற்குப் பொருள் குறையும் விதமே விடை சொல்லிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

நுண்ணுயிரியலுக்கு வந்தால், அங்கே சதவீதம் கண்ணை ஏமாற்றிவிடுகிறது. 99.9 என்றும் 99.9999 என்றும் இரண்டு கிருமிநாசினிகள் இருந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். 10 கோடிக் கிருமிகள் உள்ள இடத்தில் முதலாவது ஒரு லட்சத்தை மிச்சம் வைக்கும், இரண்டாவது 100-ஐ மட்டுமே. அதனால்தான் அந்தத் துறையினர் மடக்கைக்குப் போய்விட்டார்கள். பத்தில் ஒரு பங்காவதை ஒரு லாக் என்கிறார்கள். முதலாவது 3 லாக், இரண்டாவது 6 லாக். வித்தியாசம் உடனே தெரிகிறது. டப்பாவில் அடைக்கும் உணவில் கொடிய நச்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் வித்துக்களுக்கு 12 லாக் என்பதே விதி. 121 டிகிரி செல்சியஸில் அந்த வித்துக்கள் பத்தில் ஒரு பங்காக 0.2 நிமிடம் போதும். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் சுமார் இரண்டரை நிமிடம். அளவும் செயல்முறையும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் இடங்கள் அறிவியலில் அதிகம் இல்லை.

லாக் கணக்கில் ஒரு குறை உண்டு. அதில் பூஜ்யத்துக்கு இடமில்லை. எத்தனை லாக் குறைத்தாலும் ஏதோ ஒரு பங்கு மிஞ்சும். கருவியால் எண்ண முடியாத நிலைக்குப் போனபின் "இல்லை" என்று எழுதக்கூடாது, "கருவியின் எல்லைக்குக் கீழே" என்று எழுத வேண்டும். எச்.ஐ.வி. பரிசோதனையில் "கண்டறிய முடியாத அளவு" என்று சொல்வது இதனால்தான். ஒரு மில்லிலிட்டரில் 50 பிரதிகளுக்குக் கீழே என்று பல ஆய்வகங்கள் எல்லை வைத்தன. வைரஸ் உடலை விட்டுப் போய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

சதவீதமே கூடாத இடங்கள்

சதவீதம் போடுவதற்கு உண்மையான பூஜ்யம் வேண்டும். 20 டிகிரி செல்சியஸ் 10 டிகிரியானால் வெப்பம் பாதியாகிவிடவில்லை. செல்சியஸின் பூஜ்யம் தண்ணீர் உறையும் புள்ளி, அவ்வளவுதான். கடல்நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். தொழிற்புரட்சிக்குப் பிறகு கடல் மேற்பரப்பின் சராசரி பிஎச் சுமார் 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. "ஒரு சதவீதம்தான் குறைந்தது" என்று வகுத்துச் சொன்னால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். பிஎச் என்பதே மடக்கை. 0.1 இறங்கினால் ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ 26 சதவீதம் கூடிவிட்டன என்று பொருள். இங்கே குறைவு என்று எழுதுவதைவிட அமிலத்தன்மையின் அதிகரிப்பு என்று எழுதுவதே கடலுக்குச் செய்யும் நியாயம்.

டெசிபலும் மடக்கைதான். 10 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. நம் காதுக்கோ சத்தம் ஏறத்தாழ பாதியானதுபோல்தான் படும். ஒலித்தடுப்புச் சுவரைப் பற்றி எழுதுபவர் எதை அளக்கிறார் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும், ஆற்றலையா, காதையா என்று.

எதைக் கூட்டி எதை வகுப்பது

உயிரினங்களின் குறைவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. மிகவும் கவலைக்குரிய எண்களும் மிகவும் தவறாக வாசிக்கப்படும் எண்களும் இங்கேதான் இருக்கின்றன.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு மீன் கூட்டம் 10,000-லிருந்து 9,900 ஆகிறது. ஒரு தவளைக் கூட்டம் 100-லிருந்து 1 ஆகிறது. மொத்தம் எவ்வளவு குறைந்தது? தலைகளை எண்ணினால் 10,100-இல் 199 போயிருக்கிறது, அதாவது 2 சதவீதம். இரண்டு சதவீதங்களின் சாதாரணச் சராசரி எடுத்தால் 50. விகிதங்களைப் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கும் பெருக்கல் சராசரியில் 90 சதவீதக் குறைவு வருகிறது. 2, 50, 90, மூன்றுமே அந்த நான்கு எண்களிலிருந்து வந்தவை.

உலக உயிர்க்கோள் குறியீடு என்று சொல்லப்படும் லிவிங் பிளானட் இண்டெக்ஸ் மூன்றாவது வகை. 2024 அறிக்கை, 1970-லிருந்து 2020 வரை 73 சதவீதச் சரிவு என்றது. உடனே "உலகின் விலங்குகளில் 73 சதவீதம் அழிந்துவிட்டன" என்று செய்திகள் வந்தன. அந்த எண் அதைச் சொல்லவில்லை. கண்காணிக்கப்படும் முதுகெலும்புள்ள விலங்குக் கூட்டங்கள் சராசரியாக எந்த விகிதத்தில் சுருங்கின என்பதையே சொல்கிறது. பெருக்கல் சராசரி என்பதால், படுமோசமாகச் சரிந்த சில கூட்டங்கள் முழு எண்ணையும் கீழே இழுத்துவிடும். இந்தத் தரவின் முந்தைய பதிப்பை எடுத்து, அப்படிப் படுமோசமாகச் சரிந்த கூட்டங்களை (மொத்தக் கூட்டங்களில் 3 சதவீதத்துக்கும் குறைவு) மட்டும் விலக்கிப் பார்த்தால் உலகச் சராசரி சற்றே உயர்கிறது என்று 2020-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு காட்டியது.

இதை வைத்து அந்தக் குறியீடு பொய் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. மேலே சொன்ன தவளைகளுக்கு 90 என்ற எண்தான் உண்மையான அபாய மணி; 2 என்ற எண்ணில் அவை காணாமலே போய்விடும். ஒரு கூட்டம் அழிவதைக் கவனிக்க வேண்டும் என்றால் பெருக்கல் சராசரி சரியான கருவி. ஆனால் அதோடு, சரிவு எல்லாக் கூட்டங்களிலும் பரவியிருக்கிறதா, சிலவற்றில் குவிந்திருக்கிறதா என்பதையும் எழுத வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் வட அமெரிக்கப் பறவைகள் பற்றிய 2019 ஆய்வு தலைகளை எண்ணியது. 1970-லிருந்து 290 கோடிப் பறவைகள் போய்விட்டன, அதாவது 29 சதவீதம். யாருக்கும் புரியும், தவறாக வாசிக்க இடமில்லை. ஆனால் இந்தக் கணக்கில் சாதாரணமாக எங்கும் காணப்படும் பறவைகளின் எடைதான் அதிகம். அபூர்வமான ஓர் இனம் முழுதாக மறைந்தாலும் 290 கோடி அசையாது. ஜெர்மனியின் 63 பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 27 ஆண்டுகள் பொறிவைத்துப் பிடித்த பறக்கும் பூச்சிகளோ எடை போட்டுப் பார்க்கப்பட்டன. 2017-இல் வந்த முடிவு, எடை 76 சதவீதம் குறைந்திருக்கிறது என்பது. பூச்சிகளின் எண்ணிக்கையும் இனங்களும் அதே அளவு குறைந்தனவா என்பதை அந்த எடை சொல்லாது. பூச்சி தின்னும் பறவைக்கு எவ்வளவு உணவு மிஞ்சியது என்பதை அது நன்றாகச் சொல்லும்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டுச் சங்கம், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களை வகைப்படுத்தும் செம்பட்டியலுக்கு வைத்திருக்கும் விதி. 30 சதவீதம் குறைந்தால் ஒரு நிலை, 50-க்கு அடுத்தது, 80-க்கு மிகமிக ஆபத்தான நிலை. காலக்கெடு பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது நீளமோ அது. ஆமையின் ஆயுளும் வண்ணத்துப்பூச்சியின் ஆயுளும் ஒன்றல்ல என்பதை உணர்ந்து அந்தந்த உயிரின் கடிகாரத்தையே அளவாக வைத்திருக்கிறார்கள்.

எதிலிருந்து குறைந்தது

வகுக்கும் எண்ணைவிடத் தொடக்கப் புள்ளியில் நடக்கும் தவறுகள் அதிகம். ஒவ்வொரு தலைமுறை மீன்வள ஆய்வாளரும் தான் வேலையில் சேர்ந்தபோது இருந்த கடலையே இயல்பான கடல் என்று எடுத்துக்கொள்கிறார் என்று 1995-இல் டேனியல் பாலி எழுதினார். அதற்கு முன் போனது கணக்கிலேயே வராது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கணக்கெடுப்பை யாரும் உயிர்கள் நிறைந்த இடத்தில்தான் தொடங்குவார்கள். தற்செயலாக உச்சத்தில் இருந்த ஆண்டில் தொடங்கினால், ஒன்றுமே நடக்காவிட்டாலும் அடுத்த ஆண்டுகள் சரிவாகத் தெரியும். அதனால் ஒரே ஆண்டை அடிப்படையாக வைக்காமல், பல ஆண்டுகளின் சராசரியை வைப்பது பாதுகாப்பு.

ஆர்க்டிக் கடல்பனியை அளப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். செப்டம்பர் மாதப் பனிப்பரப்பு, 1981 முதல் 2010 வரையிலான சராசரியை வைத்துப் பார்த்தால், பத்தாண்டுக்குச் சுமார் 12 சதவீதம் குறைகிறது. இங்கே ஒரு நுணுக்கம். இது வட்டிக்கு வட்டி போலக் குறைவது அல்ல. ஒவ்வொரு பத்தாண்டிலும் அந்தப் பழைய சராசரியில் 12 சதவீதம் என்ற ஒரே தொகை போகிறது. ஐந்து பத்தாண்டுகளில் 60. இதைக் கூட்டுவட்டியாக வாசித்தால் 47 என்று வரும். அறிக்கையில் ஒரு வரி சேர்த்துவிட்டால் இந்தக் குழப்பம் இருக்காது. "ஆண்டுக்கு இத்தனை சதுர கிலோமீட்டர்" என்று எழுதினால் அந்த வரியும் தேவையில்லை.

கரிம உமிழ்வில் தொடக்கப் புள்ளிக்கு மூன்று வடிவங்கள் புழங்குகின்றன. கியோட்டோ ஒப்பந்தம் 1990 என்ற கடந்த ஆண்டை வைத்தது. சீனாவும் இந்தியாவும் 2015-இல் தந்த உறுதிமொழிகள், உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வொரு அலகுக்கும் வெளியாகும் உமிழ்வை 2005-ஐ வைத்துக் குறைப்பதாகச் சொன்னன. அதே ஆண்டு தென் கொரியா, எதுவும் செய்யாவிட்டால் 2030-இல் எவ்வளவு இருந்திருக்குமோ அதிலிருந்து 37 சதவீதம் என்றது. முதல் வகையில் குறைவு என்றால் குறைவுதான். இரண்டாவதில் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தால், அலகுக் கணக்கு குறையும்போதே மொத்த உமிழ்வு கூடலாம். வளரும் நாடுகளுக்கு அது நியாயமான அளவுதான், ஆனால் வளிமண்டலம் மொத்தத்தை மட்டுமே பார்க்கும். மூன்றாவதை நான் கடைசியில்தான் வைப்பேன். நடக்காத ஓர் எதிர்காலத்தை யாராலும் அளந்து சரிபார்க்க முடியாது.

பசியை ஒழிப்பதிலும் இதே வேறுபாடு வந்தது. 1996-இல் ரோமில் கூடிய உலக உணவு மாநாடு, பசித்திருப்பவர்களின் எண்ணிக்கையை 2015-க்குள் பாதியாக்குவோம் என்றது. அதன்பின் வந்த புத்தாயிரம் ஆண்டு இலக்கு, விகிதத்தைப் பாதியாக்குவோம் என்றது. மக்கள் தொகை கூடும் உலகில் இரண்டாவது எளிதான இலக்கு. பசித்திருப்பவரின் பக்கம் நின்று பார்த்தால் எண்ணிக்கைதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

நிரூபணம் வரும்வரை காத்திருப்பதா

இன்னொரு தேர்வு மிச்சமிருக்கிறது. குறைவு உறுதியாகத் தெரியாதபோது என்ன எழுதுவது? "புள்ளியியல் ரீதியாகக் குறிப்பிடத்தக்க சரிவு இல்லை" என்று எழுதிவிட்டால், வாசிப்பவர் "சரிவு இல்லை" என்று எடுத்துக்கொள்வார். அபூர்வமான உயிரினத்தில் இது ஆபத்து. உயிர்கள் குறையக் குறைய எண்ணுவது கடினமாகிறது, மதிப்பீட்டின் பிழை வீச்சு விரிகிறது, சரிவை நிரூபிப்பது இன்னும் தள்ளிப்போகிறது. 1993-இல் பார்பரா டெய்லரும் டிம் ஜெரோடெட்டும் இதை எச்சரித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் மட்டும் வாழும் வாக்கீட்டா என்ற சிறிய கடற்பன்றி.

1997-இல் வாக்கீட்டாக்கள் 567 என்று மதிப்பிட்டார்கள். உண்மை எண் 177 முதல் 1,073 வரை எங்கும் இருக்கலாம். 2008-இல் 245, அது 68 முதல் 884 வரை. இரண்டு வீச்சுகளும் ஒன்றன்மேல் ஒன்று நன்றாகப் படிகின்றன. வழக்கமான முறையில் பார்ப்பவர் "குறைந்ததாகச் சொல்ல முடியாது" என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆய்வாளர்கள் வேறு கேள்வி கேட்டார்கள்: குறைந்திருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு? 89 சதவீதம் என்று விடை வந்தது. 57 சதவீதச் சரிவு என்ற மதிப்பீட்டோடு இந்த வாய்ப்பையும் சேர்த்து எழுதினார்கள். 2016-இல் மிஞ்சியவை ஏறத்தாழ 30.